போதைச் சோதனையில் ‘பாசிட்டிவ்’ என்றால் முதலில் என்ன கேட்க வேண்டும்?

“உங்க பையனுக்கு பாசிட்டிவ் வந்திருக்கு, போங்க.” சென்னையில் வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு பக்கம் பல அம்மாக்கள் இந்த ஒரு வரியோடு ஸ்டேஷன் வாசலிலிருந்து திரும்புகிறார்கள். எந்தச் சோதனையில் பாசிட்டிவ் என்று யாரும் சொல்வதில்லை. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

சிறுநீரில் சோதனைப் பட்டை (ஸ்ட்ரிப்) வைத்துப் பார்ப்பது முதற்கட்டச் சோதனை மட்டுமே. சில சளி மாத்திரைகள் அதில் ஆம்ஃபெட்டமின் என்ற போதைப்பொருள் போலக் காட்டும். கசகசா நிறையச் சாப்பிட்டவருக்கும் ஓபியம் வகை என்று வரலாம். எந்தப் பொருள் என்று உறுதிசெய்ய, ஆய்வகத்தில் ஜிசி-எம்எஸ் அல்லது எல்சி-எம்எஸ் கருவியில் பார்க்க வேண்டும். ஆனால் கோடீன் என்ற ஓபியம் வகை மருந்து உள்ள இருமல் சிரப் குடித்திருந்தால் அந்தக் கருவியும் கோடீன் என்றுதான் சொல்லும். அங்கே காப்பாற்றுவது மருந்துச் சீட்டுதான். சாப்பிட்ட மருந்தையெல்லாம் மாதிரி எடுக்கும்போதே டாக்டரிடம் சொல்லி எழுத வையுங்கள்.

எப்போதாவது கஞ்சா புகைப்பவரின் ரத்தத்தில் அது சில மணி நேரத்திலேயே வெகுவாகக் குறைந்துவிடும். சிறுநீரிலோ நாள் கணக்கில், தினமும் புகைப்பவருக்கு வாரக் கணக்கில்கூட நிற்கும். ஆகவே சிறுநீர் பாசிட்டிவை வைத்து, பிடிபட்ட நேரத்தில் அவன் போதையில் இருந்தான் என்று சொல்ல முடியாது. மாதிரி ரத்தமா சிறுநீரா, எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்பது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் அறிக்கை. அலைக்கழிப்பு இங்கேதான் அதிகம். ஆஸ்பத்திரியில் ஸ்டேஷனைக் கேள் என்பார்கள், ஸ்டேஷனில் கோர்ட்டைக் கேள் என்பார்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இதற்கு இரண்டு பிரிவுகள் உள்ளன. போலீஸ் கேட்டு நடக்கும் 51-ஆம் பிரிவுப் பரிசோதனையின் அறிக்கை விசாரணை அதிகாரிக்குப் போகும். கைதானதும் அரசு டாக்டர் செய்ய வேண்டிய 53-ஆம் பிரிவுப் பரிசோதனை வேறு. அதன் நகலைக் கைதானவருக்கோ அவர் சொல்லும் ஆளுக்கோ டாக்டர் கொடுத்தே ஆக வேண்டும். பையன் வாய்திறந்து “எங்க அம்மாகிட்ட குடுங்க” என்று சொல்லவில்லையென்றால் உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிரிவு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். கொடுக்க மறுத்தால், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போது பையனை அவரிடமே சொல்லச் சொல்லுங்கள்.

எழுதாத தாளில் எதற்காகவும் கையெழுத்துப் போட வேண்டாம்.

வக்கீலுக்குப் பணமில்லையென்றால் இலவசச் சட்ட உதவி உண்டு. வருமானச் சான்று கொண்டு வா என்று தாலுகா ஆபீசுக்கு விரட்டினால் போகாதீர்கள். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பே கிடையாது. சட்ட உதவி எண்ணான 15100-க்கு போன் செய்து, ஆள் காவலில் இருக்கிறார் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.