சிறுதுளை அறுவை: ‘ஊடுருவல்’ ஏன் வேண்டாம்?

பெரியம்மாவின் முதுகுத்தண்டில் கட்டி என்று தெரிந்த வாரம் அது. ஸ்கேன் அறிக்கையைப் பார்த்த டாக்டர், “கட்டி தண்டுவடத்துக்குள்ள ஊடுருவல, பயப்படாதீங்க” என்றார். மறுநாள் கையெழுத்துக்கு வந்த ஒப்புதல் படிவத்தில் ‘குறைந்தபட்ச ஊடுருவல் அறுவை சிகிச்சை’ என்று அச்சாகியிருந்தது. வாசித்துக் காட்டினேன். பெரியம்மாவின் முகம் மாறிவிட்டது. “ஊடுருவலன்னுதானப்பா நேத்துச் சொன்னாங்க? இப்பக் கொஞ்சம் ஊடுருவியிருக்குன்னு போட்டிருக்கே.”

அவர் புரிந்துகொண்டதில் தப்பே இல்லை. தப்பு அந்தச் சொல்லில் இருக்கிறது.

ஆங்கிலத்தில் இதை ‘மினிமலி இன்வேசிவ் சர்ஜரி’ என்கிறார்கள். இன்வேசிவ் என்பதன் வேர் ‘இன்வாடேரே’ என்ற லத்தீன் வினை; உள்ளே நடந்து போவது, படையெடுத்துப் புகுவது என்று பொருள். மருத்துவத்தில் இந்த ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. புற்றுநோய் பக்கத்துத் திசுவுக்குள் புகுந்தாலும் இன்வேசிவ், மருத்துவர் உடலைத் திறந்து உள்ளே போனாலும் இன்வேசிவ். டாக்டர்கள் இடம் பார்த்துப் பிரித்துக்கொள்வார்கள். நோயாளியால் முடியுமா? அதிலும் கட்டிக்கான அறுவையில் இரண்டு பொருளும் ஒரே கோப்பில் வந்து மோதுகின்றன. தமிழில் ஊடு, உருவு இரண்டும் சேர்ந்தால் நடுவே துளைத்துக்கொண்டு போவது. எல்லையில் எதிரி ஊடுருவுவான், எலும்பு வரை குளிர் ஊடுருவும். நோயைக் குணமாக்க வரும் கைக்கு இது பொருந்தவில்லை.

இந்த ஆங்கிலப் பெயரை 1980களில் பரப்பியவர் ஜான் விக்காம் என்ற பிரிட்டன் சிறுநீரக அறுவை மருத்துவர். சிறுநீரகக் கல்லை, பெரிதாக வெட்டாமல் தோலில் போட்ட சிறு துளை வழியாக எடுத்தவர். உள்ளே இருக்கும் நோயைவிட, அதை எட்டுவதற்குப் போடும் காயம் நோயாளியை அதிகம் படுத்துகிறது என்பதே இந்த முறைக்குப் பின்னால் இருக்கும் எண்ணம்.

முதுகுக்கு வந்தால் இந்த எண்ணம் நன்றாகப் புரியும். தண்டுவடத்தை அழுத்திய கட்டியை வெற்றிகரமாக எடுத்த முதல் அறுவையாகச் சொல்லப்படுவது 1887இல் லண்டனில் நடந்தது. நோயைக் கணித்தவர் வில்லியம் கவர்ஸ், கத்தியைப் பிடித்தவர் விக்டர் ஹார்ஸ்லி. எக்ஸ்ரே கண்டுபிடிக்க இன்னும் எட்டு வருடம் இருந்தது. கட்டி எந்த முள்ளெலும்புக்கு நேரே இருக்கிறது என்பதை நோயாளியின் வலியையும் மரத்துப்போன இடங்களையும் வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். திறந்த இடத்தில் கட்டி இல்லை. மேலே மேலே எலும்பை எடுத்துக்கொண்டே போனபிறகுதான் அகப்பட்டது. கால் விளங்காமல் கிடந்த அந்த மனிதர் பிறகு எழுந்து நடந்தார்.

அன்றைக்குத் தேடுவதற்காகவே அகலமாகத் திறக்க வேண்டியிருந்தது. இன்று எம்.ஆர்.ஐ. இடத்தைக் காட்டிவிடுகிறது. ஆனாலும் திறந்த முறையில் முதுகின் நடுவே நீளமாகக் கீறி, இரு பக்கத் தசையையும் எலும்பிலிருந்து உரித்துத்தான் உள்ளே போக வேண்டும். சிறுதுளை முறையில் நடுக்கோட்டுக்குச் சற்றுத் தள்ளிச் சின்னதாகக் கீறுகிறார்கள். மெல்லிய குழாய் ஒன்று, அதன்மேல் சற்றுப் பெரியது, அதன்மேல் இன்னும் பெரியது என்று செருகுகிறார்கள். பாம்படம் போட அந்தக் காலத்தில் காதைக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்தார்களே, அந்த மாதிரி. தசைநார்கள் அறுபடாமல் விலகிக்கொடுக்கின்றன. கடைசியில் நிற்கும் குழாயின் அகலம் சுமார் 2 செ.மீ. அதற்குள் நுண்ணோக்கியால் பார்த்து, ஒரு பக்க எலும்புத் தகட்டைக் கொஞ்சம் செதுக்கி, தண்டுவட உறையைத் திறந்து, கட்டியைத் துண்டு துண்டாக எடுத்து, உறையைத் திரும்பத் தைக்க வேண்டும். 2 செ.மீ. குழாய்க்குள் தைப்பது லேசான வேலை இல்லை. தையல் சரியில்லை என்றால் மூளைத் தண்டுவட நீர் கசியும். துளை சிறியது என்பதால் ஆபத்தும் சிறியது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. தண்டுவடத்துக்கு உள்ளேயே வளர்ந்த கட்டிக்கும், பல முள்ளெலும்பு நீளத்துக்குப் படர்ந்த கட்டிக்கும் பெரும்பாலும் திறந்த முறைதான்.

தண்டுவடம் என்பது அழகான சொல். தேர் இழுக்கும் வடம்தான் இங்கேயும். இலங்கைப் பாடநூல்களில் இதுவே முண்ணாண். முள்ளும் நாணும் சேர்ந்தது, வில்லின் நாண் போல. அறுவை என்ற சொல்லுக்கும் வேர் ஆழமானது. “வாளால் அறுத்துச் சுடினும் மருத்துவன்பால் மாளாத காதல் நோயாளன்” என்று குலசேகராழ்வார் பாடியிருக்கிறார். இப்படிப்பட்ட சொற்கள் இருக்கும்போது ‘குறைந்தபட்ச ஊடுருவல்’ எதற்கு?

பத்திரிகைகளில் ‘நுண்துளை’ என்று எழுதுகிறார்கள். பரவாயில்லை, ஆனால் விரல் நுழையும் துளை நுண்ணியது ஆகாது. ‘சாவித்துளை’ என்பது ‘கீஹோல்’ என்ற ஆங்கிலப் பேச்சுவழக்கின் நேர் பெயர்ப்பு. பலர் எல்லாவற்றையும் ‘லேப்ராஸ்கோபி’ என்றே சொல்லிவிடுகிறார்கள். அது வயிற்றுக்கு உரியது, வாயு நிரப்பி உப்பவைத்துச் செய்வது. முதுகில் உப்பவைக்க வெற்றிடம் ஏது? என் தேர்வு ‘சிறுதுளை அறுவை’. அளவை உள்ளபடி சொல்கிறது, கட்டியின் குணத்தோடு குழம்புவதில்லை.

அன்று படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: ‘முதுகில் சிறு துளையிட்டு, தண்டுவடத்தை அழுத்தும் கட்டியை எடுக்கும் அறுவை சிகிச்சை’. வாசித்துக் காட்டியதும் பெரியம்மா கேட்டார், “துளை எம்புட்டுப் பெருசுப்பா?”

சட்டைப்பையில் ஒரு ரூபாய் நாணயம் இருந்தது. எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.