பழைய மலை வரைபடத்தின் ஓரத்தை வெட்டாதீர்கள்

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள யோசெமிட்டி தேசியப் பூங்காவின் 1950கள் காலத்து நில வரைபடங்களைச் சிலர் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள். சிலர் ஸ்கேன் செய்து கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு மலையேறவே கிளம்பிவிடுகிறார்கள். இரு தரப்பும் முதலில் வெட்டி எறிவது ஓரத்து வெள்ளைப் பகுதியைத்தான். பழைய தாள்களை ஜிபிஎஸ் ஆயங்களோடு பொருத்தித் தருவது என் தொழில். ஓரமில்லாத தாள் கைக்கு வந்தால் பாதி வேலை ஊகத்தில்தான் ஓடும்.

டேட்டம், அதாவது அட்ச தீர்க்கங்களைக் கணக்கிட எடுத்துக்கொண்ட அடிப்படை, எது என்று சொல்வது அந்த ஓரம்தான். அமெரிக்க நில அளவைத் துறையின் அக்காலத் தாள்கள் 1927ஆம் ஆண்டு டேட்டத்தைச் சேர்ந்தவை. கான்சஸ் மாநிலத்தின் மீட்ஸ் ராஞ்ச் அதன் மூலப்புள்ளி. இன்றைய ஜிபிஎஸ் கணக்கு வேறு. தாளில் படித்த அட்ச தீர்க்கத்தை அப்படியே கருவியில் போட்டால், கலிஃபோர்னியாவில் கிட்டத்தட்ட 100 மீட்டர் தள்ளிக் காட்டும். புல்வெளியில் அது பெரிய விஷயமில்லை. செங்குத்துப் பாறையின் விளிம்பில் அப்படியா?

காந்த விலகலும், அதாவது திசைகாட்டி முள் உண்மையான வடக்கிலிருந்து விலகி நிற்கும் கோணமும், ஓரத்தில்தான் இருக்கிறது. அன்று அங்கே கிழக்கே சுமார் 17 டிகிரி, இன்று சுமார் 13. பழைய எண்ணை நம்பித் திசைகாட்டியைத் திருப்பினால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 70 மீட்டர் வழி மாறும்.

ஆனால், அதிகம் பேரை ஏமாற்றுவது சம உயரக் கோடு, அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு, என்பேன். 1:62,500 அளவில் வந்த, இந்தப் பூங்கா இருக்கும் சியரா நெவாடா மலைத்தொடரின் தாள்களில் கோட்டுக்குக் கோடு 80 அடி உயர வித்தியாசம். 60 அடிப் பாறைச் சுவர் ஒன்று இரண்டு கோடுகளுக்கு நடுவே தடமே தெரியாமல் ஒளிந்துகொள்ளும். இந்த இடைவெளியும் ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். அதைப் பார்க்காமல், கோடுகள் தள்ளித் தள்ளி இருக்கின்றனவே, இறங்கிவிடலாம் என்று முடிவு செய்பவர்கள் உண்டு.

தாளில் காட்டிய நிலமும் மாறியிருக்கிறது. லைல் பனியாறு நகர்வதை நிறுத்திவிட்டதாகப் பூங்கா நிர்வாகம் 2013இல் அறிவித்தது. தாளிலோ அது இன்னும் நீலக் கோடுகளோடு பனியாறாகவே கிடக்கிறது. பனி எவ்வளவு சுருங்கியது என்று ஒப்பிட ஆய்வாளர்களுக்கு இதே தாள்தான் சான்று. அதற்கு அளவெடுத்த ஆண்டு தெரிய வேண்டும், அதுவும் ஓரத்தில்தான். பிந்தைய பதிப்புகள் சிலவற்றில் ஊதா நிறத் திருத்தங்கள் இருக்கும். அவை விமானப் படங்களைப் பார்த்துச் சேர்த்தவை. பெரும்பாலும் களத்தில் சரிபார்க்காதவை.

சுவருக்கு வேண்டுமென்றால் அசலை வெட்ட வேண்டியதே இல்லை. 1884 முதல் 2006 வரையிலான தாள்களின் ஸ்கேன்களை அந்தத் துறையே இணையத்தில் இலவசமாகத் தருகிறது, ஓரத்தோடு. அதை அச்செடுத்து எப்படி வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். அசல் தாளை மடிக்காமல் தட்டையாக வையுங்கள். தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். பிறகு தாளுக்குச் சேதமில்லாமல் அதை உரித்தெடுப்பது பெரும்பாடு.