ஷூவுக்கு எங்கே வயதாகிறது?

கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். ரேஸ் கோர்ஸில் வாரம் நான்கு நாள் ஓடுகிறவர். "ஷூ வாங்கி ஒன்றரை வருஷம் ஆகுது சார். அடி ரப்பர் அப்படியே இருக்கு, ஒரு தையல்கூட விடல. ஆனா ரெண்டு மாசமா ஓடி முடிச்சா கால் என்னவோ மாதிரி அசந்துபோகுது. கடையில 500 கிலோமீட்டர் தாண்டினா மாத்திடணும்ங்கிறாங்க. வீட்டுக்காரர் அதெல்லாம் வியாபாரத் தந்திரம்ங்கிறார். யார் சொல்றது சரி?"

கடைக்காரர் பாதி சரி, வீட்டுக்காரர் கால்வாசி சரி. ஆனால் இருவருக்கும் முன்னால் பார்க்க வேண்டியது, ஷூவில் நாம் பார்க்காத இடத்தை.

முதலில் ஒரு கணக்கு. நிதானமாக ஓடும் ஒருவர் கிலோமீட்டருக்குச் சுமார் 1,100 எட்டு வைக்கிறார். ஒரு காலுக்கு 550. 500 கிலோமீட்டர் என்றால் ஒவ்வொரு ஷூவும் இரண்டே முக்கால் லட்சம் முறை தரையில் மோதியிருக்கும். ஒவ்வொரு மோதலிலும் கால் நொடி நேரத்துக்குள் உடல் எடையைப் போல் இரண்டு, இரண்டரை மடங்கு விசை ஏறி இறங்கும்.

ஷூவைப் புரட்டி அடிப்பக்கம் பார்ப்பது டயர் பார்த்துப் பழகிய கண்ணின் வேலை. தரையைத் தொடும் அந்த ரப்பர் டயருக்கு உறவுக்காரன்தான், எளிதில் தேயாது. குதிகாலின் வெளி ஓரம் மட்டும் கரைந்திருந்தால் அதற்கும் பயப்பட வேண்டாம். குதிகால் ஊன்றி ஓடும் பலருக்கும் கால் முதலில் அங்கேதான் இறங்குகிறது.

வயதாவது நடு அடுக்குக்கு. ரப்பருக்கும் பாதத்துக்கும் இடையே இருக்கும் அந்தத் தடித்த நுரை. பெரும்பாலான ஷூக்களில் அது ஈ.வி.ஏ. என்னும் பிளாஸ்டிக். உங்களுக்குத் தெரிந்த சரக்குதான்: குளியலறைச் செருப்பும், குழந்தைகள் கோத்து விளையாடும் எழுத்துப் பாயும் அதே குடும்பம். 1970களில் அமெரிக்காவின் புரூக்ஸ் நிறுவனம் இதை ஓட்ட ஷூவுக்குள் கொண்டுவந்தது.

அதைச் செய்யும் விதம் அழகானது. பிளாஸ்டிக்கோடு, சூடு பட்டால் நைட்ரஜனை வெளிவிடும் ஒரு பொடியையும், இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் இன்னொரு பொடியையும் கலந்து அச்சில் அடைத்துச் சூடாக்குகிறார்கள். உள்ளே வாயு திணறிக்கொண்டிருக்கும். அச்சைத் திறந்த நொடியில் 'டப்' என்று வெளியே துள்ளி, அச்சைவிடப் பெரிதாக உப்பிவிடும். அப்படி உப்பியதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வாயுதான். பிளாஸ்டிக் வெறும் சவ்வு.

இட்லியும் நுரைதான், ஆனால் வேறு சாதி. இட்லியின் குமிழ்கள் ஒன்றுக்கொன்று வழி விட்டவை. அதனால்தான் சாம்பாரைக் குடிக்கிறது. ஷூ நுரையின் குமிழ்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக மூடியவை. மயிரிழை அகலமுள்ள லட்சக்கணக்கான பூரிகளை அடுக்கி ஒட்டியது போல.

கால் இறங்கும்போது அந்தப் பூரிக்குள் என்ன நடக்கிறது? இரண்டு வேலை ஒன்றாக நடக்கிறது. முதலாவது பாயில் விதி, பள்ளியில் படித்ததுதான். குமிழின் கொள்ளளவு பாதியானால் உள்ளே அழுத்தம் இரு மடங்காகும். அதாவது சதுர சென்டிமீட்டருக்குக் கூடுதலாக ஒரு கிலோ. குதிகாலின் கீழே 20 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 20 கிலோவை வெறும் வாயு தாங்குகிறது. மீதியைத் தாங்குவது குமிழ்களின் சுவர். பிளாஸ்டிக் ஸ்கேலை நிறுத்திவைத்து மேலிருந்து அழுத்திப் பாருங்கள். கொஞ்ச நேரம் விறைப்பாக நிற்கும், பிறகு சட்டென்று வில்லாக வளையும், கையை எடுத்தால் நிமிரும். சுவர்கள் செய்வதும் இதே. வளைவதில்தான் மெத்தென்ற சுகம், நிமிர்வதில்தான் துள்ளல். வாங்கிய ஆற்றல் முழுவதும் திரும்பி வராது. ஒரு பங்கு சூடாகப் போய்விடும்.

அதே ஸ்கேலை அதே இடத்தில் நூறு முறை வளைத்தால் வெள்ளையாக ஒரு கோடு விழும். அதன்பின் அந்த இடத்தில் சுலபமாக மடியும், முழுதாக நிமிராது. இரண்டே முக்கால் லட்சம் முறை வளைந்த சவ்வை நினைத்துப் பாருங்கள். முதலில் சுருக்கம், அப்புறம் ஓட்டை. ஓட்டை விழுந்த குமிழில் வாயு அடைபட்டு நிற்காது, பக்கத்துக் குமிழுக்கு நழுவிவிடும். பூரி இட்லியாகிவிடுகிறது.

இது கற்பனையல்ல. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் ராக்கெல் வெர்தேஹோவும் நைஜல் மில்ஸும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், 500 கிலோமீட்டர் ஓடிய ஷூக்களில் பாதத்தின் கீழ் விழும் உச்ச அழுத்தம் சராசரியாக இரு மடங்கானது. 750 கிலோமீட்டர் ஓடிய நுரையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது சுவர்களில் சுருக்கமும் சில ஓட்டைகளும் தெரிந்தன.

என்னிடம் எலக்ட்ரான் நுண்ணோக்கி இல்லை, ஆக்ஸா பிளேடு இருக்கிறது. போன மாதம் என் பழைய ஷூவைக் குறுக்கே அறுத்தேன். (வீட்டில் கிடைத்த பார்வையைப் பற்றி எழுதாமல் விடுகிறேன்.) பாதக்குழிவின் கீழே, எடை அதிகம் விழாத இடத்தில், நகத்தால் அழுத்தினால் பள்ளம் உடனே எழும்பியது. குதிகாலின் கீழே அதே அழுத்தத்துக்குப் பள்ளம் விழவே தயங்கியது, விழுந்தது நின்றுவிட்டது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் வெள்ளை ரவை போல் மணி மணியாக, இன்னொரு பக்கம் மங்கலாக, அடைஅடையாக. ஒரே ஷூ, ஒரே நுரை, ஒரு சாண்கூட இல்லாத இடைவெளி.

நுரைக்கு ஓய்வும் வேண்டும். அமுங்கிய சுவர்களில் ஒரு பகுதி மெதுவாகத்தான் நிமிர்கிறது. அதனால் இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போடுவது நல்ல பழக்கம். வெயில் இன்னொரு எதிரி. மொட்டை மாடியில் காயவைத்த ரப்பர் செருப்பு ஒரு சைஸ் சுருங்கிப்போனது பல வீடுகளில் நடந்திருக்கும். ஷூவைத் துவைத்தால் நிழலில் உலர்த்துங்கள், கார் டிக்கியில் குடிவைக்காதீர்கள்.

இவ்வளவு தேய்ந்தும் ஓடுபவருக்கு ஏன் தெரிவதில்லை? 2009-இல் வெளியான ஓர் ஆய்வில் 24 பேரைப் புது ஷூவிலும், அதையே 200 மைல் ஓடித் தேய்த்த பிறகும் ஓடவிட்டு அளந்தார்கள். உடலில் விழுந்த விசையில் குறிப்பிடும்படி மாற்றமில்லை. மாறியது ஓட்டம். கால் தரையில் தங்கும் நேரம் கூடியது, கணுக்கால் மடங்கும் அளவு மாறியது. நுரை விட்ட வேலையைத் தசை தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொள்கிறது, நம்மிடம் சொல்லாமலே. இதனால் காயம் வந்தே தீரும் என்று சொல்லும் அளவுக்குச் சான்று வலுவாக இல்லை. வீட்டுக்காரருக்குக் கால்வாசி மதிப்பெண் அதற்குத்தான்.

செருப்பு தொலைந்தால் சனி விட்டது என்று என் பாட்டி சொல்வார். அந்தத் தைரியத்தில் கோயில் வாசலில் பழசை விட்டுவிட்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். 500 கிலோமீட்டர் விதியையும் சிலர் ஏறக்குறைய சனிப்பெயர்ச்சி போலத்தான் பாவிக்கிறார்கள். 501-இல் ஒன்றும் ஆகாது. 50 கிலோ உடலும் 90 கிலோ உடலும் ஒரே நுரையை ஒரே வேகத்தில் கெடுப்பதில்லை. தார் ரோடும் மண் பாதையும் ஒன்றல்ல. இங்கே எனக்கு ஓர் ஆதங்கம். அடையாறில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதத்தை அளந்து, இந்தியக் காலுக்கென்று தனி அளவுமுறை வகுத்தது. நல்ல வேலை. செய்யாறிலும் பெரம்பலூரிலும் உலகத்துக்கே காலணி தைக்கிறோம். அப்படியே நம் சித்திரை வெயிலில் கொதிக்கும் ரோட்டில் இந்த நுரை எத்தனை நாள் தாங்குகிறது என்றும் பார்க்கக் கொஞ்சம் பணம் ஒதுக்கினால் என்ன? ராக்கெட் விடும் செலவா ஆகிவிடப்போகிறது?

சரி, கோவை வாசகிக்கு. வாரம் நான்கு நாள், நாளுக்கு ஐந்து கிலோமீட்டர் என்று வைத்தாலும் ஒன்றரை வருஷத்தில் 1,500 கிலோமீட்டர் தாண்டியிருக்கும். ஷூவை மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள், ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று. நடு அடுக்கின் பக்கவாட்டில், குதிகாலை ஒட்டி, கிடைமட்டமாகச் சுருக்கக் கோடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு கடைக்குப் போய் அதே மாடலில் ஒரு கால் புதுசு, ஒரு கால் பழசு போட்டுக்கொண்டு பத்து எட்டு மெல்ல ஓடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். வித்தியாசம் கணுக்காலில் தெரியும். புதுசை வாங்கினால், ஷூ நாக்கின் உள்பக்கம் மார்க்கரால் தேதியை எழுதிவையுங்கள். பழசு காய்கறி வாங்கப் போட்டுக்கொண்டு போக இன்னும் இரண்டு வருஷம் வரும்.