எனக்க உடம்பு எனக்குத் தெரியாதா?

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் ஒருவர், மனைவிக்கு மருந்து வாங்க வந்திருந்தார். சும்மா உட்கார்ந்திருந்தவருக்கும் பிரஷர் பார்த்தேன். 190/110. ஐந்து நிமிடம் அமைதியாக இருக்கச் சொல்லி மறுபடி பார்த்தேன். பெரிதாகக் குறையவில்லை.

"எனக்க உடம்பு எனக்குத் தெரியாதா டாக்டர்? விடியுமுன்ன 300 மரம் வெட்டுதேன். ஒரு தலைசுத்து கூட இல்ல."

கூட வந்த மகன் கல்லூரியில் படிக்கிறான். "அவங்கவங்களுக்கு எது தோணுதோ அதுதானே டாக்டர் அவங்க உண்மை" என்றான். இளைஞர்கள் வாயில் இந்தப் பேச்சை இப்போது அடிக்கடி கேட்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

அப்பா பொய் சொல்லவில்லை. அழுத்தம் மெல்ல மெல்ல ஏறும்போது உடம்பு அதற்குப் பழகிவிடும். பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. ஆனால் சிறுநீரகம், விழித்திரை, மூளை ஆகியவற்றின் சிறு ரத்தக்குழாய்கள் அந்த அடியை வாங்கிக்கொண்டேதான் இருக்கும். 'நல்லா இருக்கேன்' என்றால் அவருக்கு எப்படி இருக்கிறது என்று தெரியும். குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. அதற்குத்தான் கையில் பட்டை கட்டிப் பார்க்கிறோம். பட்டையைத் தளர்த்தும்போது ரத்தக்குழாயில் எழும் ஒலியைக் கேட்டு அளக்கும் முறையை 1905-இல் கொரோட்கோவ் என்ற ரஷ்ய மருத்துவர் சொன்னார். சரியாக அளந்தால், நான் பார்த்தாலும் நர்ஸ் பார்த்தாலும் கிட்டத்தட்ட அதே எண்தான் வரும்.

அப்படியானால் நோயாளிக்குத் தோன்றுவது ஒன்றுமில்லையா? அப்படிச் சொல்லவே மாட்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், குளச்சலில் மீன் விற்கும் ஒரு அம்மா நெஞ்செரிச்சல் என்று வந்தார். இ.சி.ஜி. சுத்தமாக இருந்தது. வீட்டுக்கு அனுப்பப் பார்த்தேன். "இது எப்பவும் வாற எரிச்சல் இல்ல மக்கா" என்று அவர் நகரவே இல்லை. ஒரு மணி நேரம் கழித்து எடுத்த இரண்டாவது இ.சி.ஜி.யில் மாரடைப்பு தெரிந்தது. முதல் இ.சி.ஜி. நன்றாக இருந்தால் மட்டும் மாரடைப்பு இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. வலியை அளக்க இன்றுவரை கருவி கிடையாது. நோயாளியின் வாய்ச்சொல்தான் அளவு. அந்த அம்மாவை நான் மறக்கவில்லை.

பிரஷருக்கு அந்த வாய்ச்சொல் உதவாது, அவ்வளவுதான். மகனிடம் இரண்டு கதையையும் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அப்பாவின் மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டான்.

"இப்ப சரியாயிட்டு" என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தியிருந்தால், இந்த வாரமே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் அளந்து பாருங்கள். அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காப்பி குடிக்க வேண்டாம். அளக்கும்போது பேசவும் வேண்டாம்.