ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் என்றால் புனரமைப்பா?

அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றித் தமிழில் எதைப் படித்தாலும், போர் முடிந்த கையோடு ‘புனரமைப்புக் காலம்’ வந்துவிடுகிறது. ரீகன்ஸ்ட்ரக்‌ஷனைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். படித்துப் படித்து அலுத்துவிட்டது.

பொருள் இதுதான்: 1865 முதல் 1877 வரை, பிரிந்துபோய்ப் போரில் தோற்ற தென் மாநிலங்களை மறுபடி அமெரிக்க ஒன்றியத்தில் சேர்த்ததும், அடிமைத்தனத்திலிருந்து விடுதலையான ஏறத்தாழ 40 லட்சம் கறுப்பரைக் குடிமக்களாக்கியதும் நடந்த காலம். வேர் லத்தீன். ‘ரீ’ என்றால் மறுபடி, ‘ஸ்த்ருயெரே’ என்றால் அடுக்குதல், கட்டுதல். அவ்வளவுதான்.

‘புனர்’ வடசொல் என்பதற்காக நான் சண்டைக்கு வரவில்லை, தமிழில் அது பழகிப்போன சொல்தான். ஆனால் நாம் எதைப் புனரமைக்கிறோம்? குடமுழுக்குக்கு முன்னால் கோபுரத்தை, உடைந்த ஏரி மதகை. பழுதானதைப் பழையபடி ஆக்குவது அது. பழையபடி ஆக்கினால் போதும் என்று அன்றைக்கே ஒருவர் சொன்னார், ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன். மாநிலங்கள் சட்டப்படி பிரியவே இல்லை, அப்புறம் எதைக் கட்டுவது என்பது அவர் வாதம். அதனால் ‘ரெஸ்டொரேஷன்’, அதாவது பழைய நிலைக்குத் திருப்புதல், என்ற சொல்லைத்தான் அவர் விரும்பினார். அந்தப் ‘பழையபடி’ எப்படி இருந்தது என்றால், 1865 கடைசியில் தென் மாநிலமான மிசிசிப்பி போட்ட சட்டப்படி கறுப்பர் நகர எல்லைக்கு வெளியே நிலம் குத்தகைக்கு எடுக்க முடியாது, ஆண்டுதோறும் ஜனவரியில் வேலையில் இருப்பதற்கு எழுத்தில் சான்று வைத்திருக்க வேண்டும்.

இதை ஏற்காமல்தான் அமெரிக்க காங்கிரஸ் 1867ல் 10 மாநிலங்களை 5 ராணுவ மாவட்டங்களாகப் பிரித்து, கறுப்பின ஆண்களும் வாக்களித்துப் புது அரசமைப்பு எழுதினால்தான் உள்ளே விடுவோம் என்றது. 1868ல் குடியுரிமைக்கான 14ஆவது திருத்தம், 1870ல் வாக்குரிமைக்கான 15ஆவது திருத்தம். அதே 1870ல் அதே மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவல்ஸ் என்ற கறுப்பினத்தவர் செனட்டில் போய் உட்கார்ந்தார். இதில் பழையபடி எங்கே இருக்கிறது? ஜான்சன் தோற்ற வாதத்தை நம் மொழிபெயர்ப்பாளர்கள் ஒரே சொல்லில் ஜெயிக்க வைக்கிறார்கள்.

‘மறுசீரமைப்பு’ என்பாரும் உண்டு. அது கடனுக்குச் சரி, 1956ல் இங்கே மாநிலங்களைப் பிரித்ததற்கும் சரி. ‘மறுவாழ்வு’ இன்னும் மோசம்: விடுதலை பெற்றோருக்காக 1865ல் தொடங்கிய அரசுத் துறையை ‘அடிமைகள் மறுவாழ்வு வாரியம்’ என்று ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன். அவர்கள்தான் அடிமைகள் இல்லையே ஐயா, அதற்குத்தானே அந்தத் துறை!

என் தேர்வு ‘மறுகட்டுமானம்’. சிமெண்ட் வாடை வருகிறது என்பார்கள். வரட்டுமே, ஆங்கிலச் சொல்லிலும் அதே வாடைதான். இலங்கை வழக்கில் ‘மீள்கட்டுமானம்’ என்றாலும் எனக்குச் சம்மதம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டுமானத்தை மிரட்டியும் கொன்றும் கவிழ்த்து ஆட்சியைப் பிடித்த தென்னக வெள்ளையர்கள், அதற்குத் தாங்களே சூட்டிக்கொண்ட பெயர் ‘ரிடெம்ப்ஷன்’. நம்மவர்கள் மேற்கோள் குறிகூடப் போடாமல் ‘மீட்பு’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். யாரிடமிருந்து யாரை மீட்டார்களாம்? ‘வெள்ளையர் ஆட்சி திரும்பியது’ என்று எழுதிவிட்டு, அதை அவர்கள் மீட்பு என்று சொல்லிக்கொண்டார்கள் என ஒரு வரி சேர்த்தால் பக்கமா நிறைந்துவிடும்?