கம்பைலர் இருந்தும் கான்ஃபிகர் ஏன் இல்லை என்கிறது?

மண்டபம், பாம்பன் பக்கம் படகில் வைக்கும் ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் ஓப்பன்சிபிஎன் போன்ற கடல் வரைபட மென்பொருளை மூலநிரலிலிருந்து பில்டு செய்ய (ஓடும் நிரலாக ஆக்க) உட்காருபவர்கள் பலரும், மூலநிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரைச் சோதிக்கும் கட்டத்திலேயே நின்றுபோகிறார்கள். உடனே ஜிசிசி என்ற கம்பைலரை அழித்துவிட்டு மறுபடி நிறுவுவது வீண் வேலை. பெரும்பாலும் கோளாறு ஜிசிசியில் இருப்பதில்லை.

பில்டுக்கு முன் கணினியைச் சோதிக்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் செய்வது இதுதான்: சில வரிகளில் ஒரு சி நிரலை எழுதி, அதைக் கம்பைல் செய்து, நூலகங்களோடு லிங்க் செய்து (இணைத்து), ஓட்டியும் பார்க்கிறது. இதில் எந்தக் கட்டம் தவறினாலும் பழி கம்பைலர் மேல்தான் விழும். கம்பைலோ லிங்க்கோ தவறினால் “கம்பைலரால் எக்ஸிகியூட்டபிள் (ஓடும் கோப்பு) உருவாக்க முடியவில்லை” என்று சொல்லி, 77 என்ற எண்ணோடு நின்றுவிடும். உண்மையான காரணம் கான்ஃபிக்.லாக் கோப்பில் இருக்கிறது. கோப்பின் கடைசியில் தேடாதீர்கள், அங்கே வெறும் மாறிகளின் பட்டியல்தான். திரையில் வந்த அதே பிழை வரியைத் தேடிப் பிடித்து, அதற்குச் சற்று மேலே படியுங்கள்.

அங்கே “சிஆர்டி1.ஓ கிடைக்கவில்லை” என்றிருந்தால் சி நூலகத்தின் டெவலப்மென்ட் கோப்புகள் இல்லை. பில்டு-எசென்ஷியல் தொகுப்பை நிறுவினால் தீரும். “-எம்64 தெரியாது” என்றிருந்தால், இன்டெல் லேப்டாப்புக்கான சிஃபிளாக்ஸை (கம்பைலருக்கான விருப்பங்களை வைத்திருக்கும் மாறியை) யாரோ அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். ஏஆர்எம் சிப்புக்கான ஜிசிசிக்கு அந்த விருப்பம் கிடையாது. அந்த மாறியை அன்செட் செய்துவிட்டு கான்ஃபிகரை ஓட்டுங்கள்.

நெட் சரியாக எடுக்காத இடங்களில் பென் டிரைவில் கொண்டுவந்த மூலநிரலை அதிலேயே வைத்து பில்டு செய்வார்கள். இது தனிச் சிக்கல். ஃபேட் வடிவப் பென் டிரைவில் லினக்ஸின் இயக்க அனுமதி பதியாது. நிரல் கம்பைல் ஆகும், ஓடாது. கான்ஃபிகரோ “கிராஸ் கம்பைல் (வேறு வகைக் கணினிக்கான பில்டு) என்றால் --ஹோஸ்ட் கொடு” என்று யோசனை சொல்லும். அதைக் கேட்டு ஹோஸ்ட் கொடுத்தால் ஓட்டிப் பார்க்கும் சோதனைகளையே அது விட்டுவிடும், கோளாறு பின்னால் வேறு உருவில் வரும். மூலநிரலை ஹோம் ஃபோல்டருக்கு நகர்த்துவதே சரி.

கான்ஃபிகருக்குப் பதிலாகச் சில திட்டங்கள் பயன்படுத்தும் சிமேக்கின் வழி வேறு. சோதனை நிரலை அது ஓட்டுவதில்லை. கம்பைல் ஆன கோப்புக்குள் பதிந்திருக்கும் அடையாளச் சொல்லைப் படித்து ஜிசிசியா, கிளாங் என்ற வேறு கம்பைலரா என்று முடிவு செய்கிறது. அந்த முடிவு பில்டு ஃபோல்டரிலேயே தங்கிவிடும். பிறகு எந்த சி++ கம்பைலர் என்று சொல்லும் சிஎக்ஸ்எக்ஸ் மாறியை மாற்றினாலும் கண்டுகொள்ளாது. பில்டு ஃபோல்டரை முழுதாக அழித்துவிட்டுத் தொடங்குங்கள். சிமேக் 3.26 முதல் விவரமெல்லாம் சிமேக்கான்ஃபிகர்லாக் கோப்பில் கிடைக்கும்.

கரண்ட் போய் வந்தபின் மட்டும் தலைகாட்டும் பிழை ஒன்றும் உண்டு: “புதுக் கோப்பு பழையதைவிடப் பழையது, கடிகாரத்தைப் பார்.” ராஸ்பெரி பை 4 வரை போர்டில் கடிகாரம் இல்லை; 5-இல் இருந்தாலும் பேட்டரியைத் தனியே மாட்ட வேண்டும். நெட் இல்லாவிட்டால் கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்தே பை எழும். ஆட்டோமேக் கருவியைப் பயன்படுத்தும் திட்டங்களின் கான்ஃபிகர் இதைக் கண்டதும் நின்றுவிடும். போன் ஹாட்ஸ்பாட்டில் கொஞ்ச நேரம் இணைத்தால் நேரம் தானே சரியாகும். சிக்னல் இல்லையென்றால் டேட் கட்டளையால் நேரத்தைக் கையால் கொடுத்துவிட்டு கான்ஃபிகரை மறுபடி ஓட்டுங்கள்.