ஜேட்: சொல்லும் கல்லும்

ஜேட் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு கனிமங்கள் இருக்கின்றன. ஒன்று நெப்ரைட், மற்றது ஜேடைட். முதலாவதில் கால்சியமும் மக்னீசியமும் இரும்பும், இரண்டாவதில் சோடியமும் அலுமினியமும். வெறும் கண்ணால் பிரித்தறிவது கடினம். 1863-இல் பிரெஞ்சுக் கனிமவியலாளர் அலெக்சி தமூர் சோதித்துச் சொன்ன பிறகுதான் இவை வேறு வேறு என்பது ஐரோப்பாவுக்கே தெளிவானது. சீனாவின் பழங்கால ஜேட் பொருள்கள் ஏறக்குறைய எல்லாமே நெப்ரைட். பர்மாவின் ஜேடைட் அங்கே பெருமளவில் போய்ச் சேர்ந்தது 18ஆம் நூற்றாண்டில். இன்று ஜேட் என்றதும் நம் கண்முன் வரும் பளீரென்ற பச்சை வளையல் அந்தப் பிற்காலத்து வரவு.

பெயரின் பிறப்பிடம் சீனா இல்லை. மெக்சிகோவைப் பிடித்த ஸ்பானியர்கள், அந்த மண்ணின் மக்கள் ஒரு பச்சை நிறக் கல்லைச் சிறுநீரக வலிக்கு மருந்தாக அணிந்ததைப் பார்த்து அதை 'பியெத்ரா தே இஹாதா' என்றார்கள். விலாப்புறத்துக் கல் என்று பொருள். செவில் நகர மருத்துவர் நிக்கோலாஸ் மொனார்தெஸ் 1565-இல் வெளியிட்ட நூலில் இந்தப் பெயர் பதிவாகியிருக்கிறது. பிரெஞ்சில் 'லெஜாத்' என்று சேர்த்துச் சொன்னதை 'லெ ஜாத்' என்று தவறாகப் பிரித்ததில் முதல் உயிரெழுத்து உதிர்ந்து போனது. மிச்சம் ஆங்கிலத்தில் ஜேட் ஆகி நமக்கும் வந்தது.

அப்புறம், இதே ஸ்பானியப் பெயரை லத்தீனில் 'லாபிஸ் நெப்ரிடிகஸ்' என்று மொழிபெயர்த்தார்கள். நெப்ரோஸ் என்றால் கிரேக்கத்தில் சிறுநீரகம். நெப்ரைட் என்ற பெயர் இதிலிருந்து வந்தது. மெக்சிகோவில் அவர்கள் பார்த்த நல்ல கற்கள் ஜேடைட். சிறுநீரகப் பெயரோ கடைசியில் சீனத்துக் கல்லின்மேல் போய் உட்கார்ந்துவிட்டது. இதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் 'சிறுநீரகக் கல்' என்று வரும். அது நோயின் பெயர். ஆகவே நெப்ரைட்டை நெப்ரைட் என்றே எழுதுவது நல்லது.

சரி, ஜேட்டுக்குத் தமிழில் என்ன? 'பச்சைக்கல்' என்று எழுதுகிறவர்கள் உண்டு, 'மரகதம்' என்பவர்களும் உண்டு. இரண்டும் பொருந்தவில்லை. நம் நகைக்கடையில் பச்சைக்கல் மோதிரம் கேட்டால் மரகதத்தைத்தான் எடுத்து வைப்பார்கள். மரகதம் பெரில் என்ற கனிம இனத்துக் கல், நவமணிகளில் ஒன்று. ஜேட்டோடு அதற்கு எந்த உறவும் இல்லை. பாங்காக்கின் புகழ்பெற்ற 'மரகத புத்தர்' சிலையும் மரகதத்தால் ஆனதல்ல, வேறொரு பச்சைக் கல். பெயர் அப்படி நிலைத்துவிட்டது.

நிறத்தை வைத்துப் பெயர் சூட்டுவதிலேயே சிக்கல் இருக்கிறது. சீனர்கள் பல நூற்றாண்டுகளாக உச்சத்தில் வைத்துக் கொண்டாடிய ஜேட் வெள்ளை. சீனாவின் மேற்கே உள்ள கோத்தான் என்ற பாலைவனச் சோலையை ஒட்டி ஓடும் ஆறுகளில் கூழாங்கல்லாகக் கிடைத்தது அது. எண்ணெய்ப் பூச்சுப் பூசியது போன்ற அதன் மென்மையான வெண்மையைப் பார்த்து 'ஆட்டுக் கொழுப்பு ஜேட்' என்று பெயரிட்டார்கள். அங்குள்ள யுருங்காஷ், காராகாஷ் என்ற இரண்டு ஆறுகளின் பெயர்களுக்கே வெள்ளை ஜேட், கறுப்பு ஜேட் என்றுதான் பொருள். இவ்வளவு நிறங்களில் வரும் கல்லைப் பச்சைக்கல் என்பது எப்படிச் சரியாகும்?

சீன மொழியில் இதன் பெயர் 'யூ'. கி.பி. 100 வாக்கில் அகராதி தொகுத்த ஷு ஷென், 'ஐந்து நற்குணங்கள் கொண்ட அழகிய கல்' என்று இதற்கு விளக்கம் எழுதினார். எழுத்து வடிவமும் எளிமையானது: மூன்று கிடைக்கோடுகள், அவற்றின் ஊடே ஒரு செங்குத்துக் கோடு, ஓரத்தில் ஒரு புள்ளி. கயிற்றில் கோத்த மூன்று கற்கள் என்பது பழைய விளக்கம். புள்ளியை எடுத்துவிட்டால் அதுவே 'அரசன்' என்ற எழுத்தாகிவிடும். யூ என்பது கனிமவியல் வரையறைக்கு அடங்கும் சொல் அல்ல. நல்ல கல், போற்றத் தக்க கல் என்ற விரிந்த பொருள் அதற்கு உண்டு. அதற்கு நெருக்கமாகத் தமிழில் நிற்பது 'மணி'. நவமணி என்கிறோம், மணி கோப்பது என்கிறோம். விலைமதிப்பும் கோக்கும் பழக்கமும் இந்த ஒரே சொல்லில் இருக்கின்றன. எனவே பொதுவாகச் சொல்லும் இடத்தில் 'மணிக்கல்', கல் இன்னதென்று குறிக்க வேண்டிய இடத்தில் 'ஜேட் மணிக்கல்' என்று எழுதலாம் என்பது என் கருத்து.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 'செதுக்குதல்' என்ற சொல். ஜேட் செதுக்கல், ஜேட் சிற்பம் என்று எழுதிவிடுகிறோம். உளி பிடித்து நெப்ரைட்டைச் செதுக்க முடியாது. மயிரிழை போன்ற நார்ப் படிகங்கள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்திருப்பதால், அடித்தாலும் அது எளிதில் தெறிக்காது. அதைவிடக் கடினமான குவார்ட்ஸ் மணலை நீரோடு சேர்த்துத் தேய்த்துத் தேய்த்தே உருவம் கொண்டு வந்தார்கள். ஈரக் கயிற்றில் மணலைத் தோய்த்து இழுத்து அறுத்தார்கள், மூங்கில் போன்ற குழாயை மணலோடு சுழற்றித் துளைத்தார்கள். கல்லை அறுத்ததும் மணல், துளைத்ததும் மணல். இதற்கு நம்மிடம் அழகான சொல் இருக்கிறது: இழைத்தல். சந்தனத்தை இழைக்கிறோம், மரத்தை இழைக்கிறோம். இழை என்றாலே பழந்தமிழில் அணிகலன். ஆயிழை, சேயிழை என்று பெண்ணை அழைத்தது அதனால்தான். ஜேட் இழைப்பு, ஜேட் இழைஞர் என்று எழுதினால் தொழிலின் தன்மை சொல்லிலேயே தெரியும்.

இந்த இழைப்பின் உச்சம் உலோகமே இல்லாத காலத்தில் நடந்தது. ஹாங்சோ நகருக்கு அருகில் கி.மு. 3300 முதல் 2300 வரை செழித்த லியாங்ஜூ பண்பாட்டில் வெண்கலம் கிடையாது. 1986-இல் ஃபான்ஷான் இடுகாட்டின் 12ஆம் குழியில் கிடைத்த, 'ட்சுங்' என்ற வகை ஜேட் பொருள் ஒன்று 6.5 கிலோ எடை. உயரமோ 9 சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. வெளியே சதுரம், உள்ளே வட்டத் துளை. இறகு மகுடம் சூடிய ஒரு மனிதன், அவனுக்குக் கீழே பெரிய வட்டக் கண்களுடன் ஒரு விலங்கு முகம். இந்த உருவம் அதன்மேல் பலமுறை வருகிறது. ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குள் பல கோடுகள் ஓடுகின்றன. ட்சுங்குகளில் இரு முனைகளிலிருந்தும் துளைத்துக்கொண்டு வருவார்கள். இரண்டு துளைகளும் சந்திக்கும் இடத்தில் பலவற்றில் படிக்கட்டு போன்ற ஒரு சிறு விளிம்பு தங்கியிருக்கும். வேலை செய்தவரின் கைத்தடம் அது. ட்சுங் எதற்குப் பயன்பட்டது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் உடன்பாடு இல்லை. நடுவில் துளையுள்ள தட்டையான 'பீ' வட்டும் அப்படியே. ஆகவே இந்த இரண்டு பெயர்களையும் ஒலிபெயர்த்து அப்படியே வைப்பதே நேர்மை. 'பூச்சாடி', 'தாயத்து' என்று எழுதினால் அறியாத பயனை நாமே கற்பித்ததாகும்.

லியாங்ஜூவுக்கு முன்பே வடகிழக்கில், இன்றைய லியாவோனிங்கிலும் உள்மங்கோலியாவிலும், ஹோங்ஷான் மக்கள் ஜேட் இழைத்தார்கள். சுருண்ட உடலும் பன்றி முகமும் கொண்ட அவர்களுடைய உருவங்களைப் 'பன்றி நாகம்' என்கிறோம். நாகம் என்பது நமக்குப் பாம்பு என்பதால் 'பன்றி டிராகன்' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. பிறகு ஷாங் அரசமரபின் காலம் வந்தது, வெண்கலமும் வந்தது, ஜேட்டின் மதிப்பு குறையவில்லை. 1976-இல் அன்யாங்கில் திறந்த அரசி ஃபூ ஹாவோவின் கல்லறையில் மட்டும் 755 ஜேட் பொருள்கள் இருந்தன.

கடைசியாக ஒரு சொல். சீனாவின் ஹான் அரசமரபு இளவரசர்களுக்குப் போர்த்திய ஜேட் உடையைச் சிலர் 'ஜேட் கவசம்' என்று எழுதுகிறார்கள். போருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உடல் அழியாமல் காக்கும் என்ற நம்பிக்கையில் பிணத்துக்கு உடுத்தியது. 'ஈம உடை' என்பதே பொருத்தம். 1968-இல் ஹெபெய் மாகாணத்தின் மான்செங்கில் கிடைத்த இளவரசர் லியூ ஷெங்கின் ஈம உடையில் 2,498 ஜேட் சில்லுகள், அவற்றைத் தைத்த தங்கக் கம்பி 1.1 கிலோ. திருடர்கள் குறிவைத்ததும் அந்தத் தங்கத்தைத்தான். உடையையே எரித்துக் கம்பியை எடுத்தார்கள் என்று கி.பி. 222-இல் ஹானுக்குப் பின் வந்த வேய் அரசின் பேரரசர் ட்சாவ் பீ தன் அடக்கம் பற்றிய ஆணையில் எழுதி, தனக்கு அந்த உடை வேண்டாம் என்று தடுத்தார். ஈம உடை வழக்கம் அதோடு நின்றது.